மெல்லவும்

ரோட்டில் எழுதிவைத்த வார்த்தையை யாருமே படிக்காவிட்டால், அது வார்த்தையா, வெறும் பெயிண்டா? எங்கள் தெருவில் அன்று யாரைக் கேட்டிருந்தாலும் முழித்திருப்போம்.

பெயிண்டர் அக்காவின் மகள் கேட்டதோ வேறு கேள்வி. ரோட்டில் கோடு போடுவதும் எழுதுவதும்தான் அக்காவின் வேலை. முதுகு வலித்தால், "ஊர் நடக்கிறது கோட்டு மேல இல்ல, என் முதுகு மேல" என்பார். அவர் வீட்டு வாசல் நடையில் ஒரு சிவப்பு சைக்கிள் மூன்று மாதமாக நின்றது. குடை மாட்டத்தான் பயன்பட்டது.

"எப்பம்மா ஓட்டுவேன்?"

"நம்ம தெருவுல கார் மெதுவாப் போற அன்னைக்கு."

"அதுக்குள்ள நான் வளர்ந்து, என் முட்டி ஹேண்டில்ல இடிக்கும்."

மகள் சொன்னதில் தப்பில்லை. பெரிய ரோட்டு சிக்னலுக்குப் பயந்து எங்கள் தெருவில் புகுந்த கார்களெல்லாம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி பறந்தன.

கடைசியில் அக்காவின் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது: தெரு முனையில் ‘மெல்லச் செல்லவும்’ என்று எழுத வேண்டும். அக்கா மூன்று தகரத் தகடுகளில் எழுத்துகளை வெட்டினார். ‘மெல்ல’ ஒன்று, ‘ச் செல்ல’ ஒன்று, ‘வும்’ ஒன்று. அவற்றை ரோட்டில் பரப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு கார் சீறி வர, அக்கா பிரஷ்ஷோடு தையல்காரர் வீட்டு மதில்மேல் ஏறிவிட்டார். தகடுகள் சிதறின. படபடப்பில், கிடைத்ததை அடுக்கிப் பெயிண்ட் அடித்தார். அவர் நின்றது எதிர்ப்பக்கம், அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழ். இருபது வருடப் பழக்கத்தில் அவர் கண் வளைவு சுழிகளைத்தான் பார்க்கும், வார்த்தையைப் படிக்காது.

மறுநாள் காலை முதல் கார் பிரேக் போட்டது. கண்ணாடி இறங்கியது.

"பாப்பா, என்னத்த மெல்லணும்?"

வாசலில் நின்ற மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்தாள். ரோட்டில் ‘மெல்லவும்’ என்று இருந்தது. நடுத்தகடு காரோடு போயிருந்தது.

"வாயில என்ன இருக்கோ அத, அங்கிள்."

பத்து மணிக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. வந்த கார்களெல்லாம் ஊர்ந்தன. போட்டோ எடுக்க ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மத்தியானம் சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"மெல்லச் செல்லவும், சார்."

"இந்தப் பக்கம் வந்து படிங்க."

அக்கா சுற்றிவந்து படித்தார். முகம் சுண்டியது. பிறகு சிரிப்பு பீறிட, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கே அழிங்க. ஆபீஸ் மானம் போகுது."

கார்கள் ஊர்வதைப் பார்த்து வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற மகள் கையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றது.

"அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, சார்."

பதினோரு கார்கள் வந்தன. பதினொன்றும் ஊர்ந்தன. கடைசிக் காரில் சூயிங்கம் போட்டுக்கொண்டிருந்தவர் தலையை நீட்டி, "மென்னுட்டுதான் இருக்கேன்" என்றார். சூப்பர்வைசர் சிரிப்பை மீசைக்குள் ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இந்தச் சிரிப்பு ஒரு மாசம்தான் தாங்கும், சார்" என்றார் அக்கா. "பழகிட்டா யாரும் படிக்க மாட்டாங்க. அதுக்குள்ள ரெண்டு வேகத்தடை போட்டுக் குடுங்க. நானே திருத்திடறேன்."

சூப்பர்வைசர் யோசித்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். எழுத்தைத் தலைகீழாகப் பார்த்தார்.

"இங்கிருந்து பார்த்தா எனக்கு ஒண்ணும் படிக்க வரல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மூன்றாவது வாரம் வேகத்தடைகள் வந்தன. அக்கா அவற்றுக்கு வெள்ளைக் கோடு போட்டு, ‘ச் செல்ல’வையும் சேர்த்து முழுசாக எழுதினார். ஈரம் காய்ந்ததும் சைக்கிளிலிருந்து குடை இறங்கியது. மகள் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஏழு தடவை போய் வந்தாள். முட்டிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இன்னும் இரண்டு விரல்கடை இடம் இருந்தது.

உங்கள் தெருவிலும் குடை மாட்டிய சைக்கிள் ஏதாவது நின்றால், இந்தக் கதையை அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள். அப்படியே அந்தத் தெருவில் கார் ஓட்டுகிறவர்களுக்கும். அவசரமில்லை, மெல்லச் சொல்லுங்கள்.