வாறன் இல்லாத பாட்டு

கல்யாணத்துக்கு முன் நான் செய்த இசையில் சொற்கள் இருக்கவில்லை. லப்டொப்பில் உருவாக்கிய தாளம், சின்தசைசர் ஒலி, மூதூர்ப் படகு புறப்படும் ஜெட்டியில் போனில் பிடித்த இயந்திரச் சத்தம், அவ்வளவுதான். கேட்டவர்கள் நல்லாயிருக்கு என்றார்கள், அல்லது ஒன்றும் சொல்லவில்லை. சொல் இல்லாத இசையிடம் யாரும் பொருள் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

மகள் பிறந்த பிறகு புதிதாக எதையும் தொடங்க முடியவில்லை. அதனால் பழைய டிராக்குகள் சிலவற்றை எடுத்து, நீளத்தைக் குறைத்து, குரல் சேர்த்துப் பாட்டுகளாக மாற்றினேன். பாட ஆள் தேடவும் நேரமில்லை. நானே பாடினேன். மகள் பகலில் தூங்கும்போது அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு பாடுவேன். துணி இருந்தால் எதிரொலி வராது. பிள்ளை அழுதால் கேட்காமல் போய்விடுமோ என்று ஒரு காதில் மட்டும்தான் ஹெட்போன். சில வரிகளில் சுருதி விலகியிருப்பதற்கு அதுதான் காரணம். அல்லது எனக்குப் பாட வராததும் காரணமாக இருக்கலாம்.

ஒரு பாட்டின் பல்லவி ‘போட்டு வாறன்’, போய்விட்டு வருகிறேன், என்பது. என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிப் படியிறங்குவதில்லை. சந்திக் கடைக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’தான். அதையே பல்லவியாக வைத்தேன்.

இணையத்தில் மட்டும் பழக்கமான ஒருவர், ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவர், அந்தப் பாட்டை ரீமிக்ஸ் செய்யக் கேட்டார். குரலைத் தனியாக அனுப்பினேன். கணவர் மறுபடி கப்பலேற வேண்டிய வாரத்தில் ரீமிக்ஸ் வந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் என் குரலை வெட்டி, ‘போட்டு, போட்டு, போட்டு’ என்று மட்டும் திரும்பத் திரும்ப வர வைத்திருந்தார். ‘வாறன்’ எங்குமே இல்லை.

நான் விஞ்ஞானம் படித்தவள். ஒரு சொல் கப்பலை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கடலுக்குப் போகிற நேரத்தில், என் வாயால் போனதை மட்டும் சொல்லி, திரும்பி வருவதைச் சொல்லாமல் ஒரு பாட்டை வெளியே விடுவதா?

“தம்பி, வாறன் எங்க?” என்று குரல் செய்தி அனுப்பினேன்.

“அக்கா, அது வந்தா பீட் விழுந்திடும். ‘ட்டு’ எண்டதுதான் கிக் டிரம் அடியோட சேருது. கருத்து ஒண்டும் மாறாதுதானே?”

மாறும் என்று சொல்லி விளக்கினேன். “சொறி அக்கா, நாங்கள் வீட்டில இங்கிலிசில ‘பாய்’ எண்டுதான் சொல்லுறது” என்றார். “நீங்கள் சொன்னா வைக்கிறன். ஆனா பாட்டு பழுதாப்போகும்.”

குசினியில் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். இறால் உரித்துக்கொண்டிருந்த மாமி, அவருடைய அம்மா, தலையை நிமிர்த்தினார்.

“ஆரின்ர போட்டு, பிள்ளை?”

“போட் இல்லை மாமி…”

“பின்னை என்ன, போட்டு போட்டு எண்டு கத்துது. இவன்ர கப்பலையே சொல்லுறாய்?”

“அம்மா, அதைப் போட் எண்டு சொன்னா கப்டன் என்னை நடுக்கடலில இறக்கி விட்டிடுவார்.”

“இறக்கட்டும். குச்சவெளியில போட் வைச்சிருக்கிறவங்கள் வேலை தருவாங்கள். பாட்டும் அவங்களுக்குத்தான் சரி.”

இருவரும் சிரித்தார்கள். நான் பயந்த பொருள் இதில் வேறு யாருக்கும் கேட்கப் போவதில்லை என்பது அப்போது விளங்கியது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மாமி எழுந்து போனதும் கணவரிடம் பயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“வாசல்ல நான் சொல்லுறதுதானே கணக்கு. பாட்டு சொல்லுறது கணக்கில்லை. இப்பிடியே விடும், நல்லாயிருக்கு.”

ஓம் என்றேன். நியாயமான பேச்சு. அடுத்த நாள் பகல் மகள் தூங்கியதும் அலுமாரிக்குள் தலையை நுழைத்து ‘வாறன்’ என்று ஒரேயொருமுறை பாடி, ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். கடைசியில் வையுங்கள், பழுதானாலும் பரவாயில்லை என்று எழுதினேன்.

வைத்தார். பழுதாகத்தான் போனது. தாளம் நின்ற பிறகு வருகிற அந்தச் சொல், அதுவரை இருந்த வேகத்தை எல்லாம் கெடுக்கிறது. எனக்கே அது கேட்கிறது. முதல் வடிவத்தை நான் அழிக்கவில்லை, இரண்டில் அதுதான் நல்லது. ஆனால் வெளியிட்டது மற்றதை. கணவர் கப்பலுக்குப் போகக் கொழும்பு பஸ் ஏறுவதற்கு முன்பே வெளியிட்டேன்.

இப்போது அவர் கடலில் இருக்கிறார். போன வாரம் யாரோ ஒருவர் பாட்டுக்குக் கீழே, கடைசிச் சொல்லை வெட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தார். நீங்கள் சொல்வது சரி என்று பதில் போட்டேன். வெட்டவில்லை.