காசிம் பாய் மடித்து வைத்த வரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊர் ஜங்லிகாட்டில் இருக்கும் காசிம் பாய் ஹோட்டலைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, 'விளம்பரம் போலிருக்கிறது, சான்றும் இல்லை' என்று அதன் தொகுப்பாளர்கள் இன்று நீக்கப் பார்த்தார்கள்.

கடைக்கு ஓடினேன். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஹோட்டலைப் புகழும் பத்திரிகைத் துண்டு ஒன்று தொங்கும். எந்தப் பத்திரிகை, என்ன தேதி என்பதுதான் தெரியாது.

"பாய், இதைக் கழற்றிப் பார்க்கட்டுமா?"

"அரே, சோடோ சார், விடுங்க! நல்லாத்தானே தொங்குது?"

கழற்றினேன். துண்டின் மேல், கீழ் ஓரங்களைப் பாய் பின்னால் மடித்திருந்தார். மேலே பத்திரிகையின் பெயரும் தேதியும். கீழே கடைசி வரி: 'மீன் குழம்பில் உப்பு அதிகம்.'

அதையும் கட்டுரையில் சேர்த்தேன். "குறையும் இருக்கிறது, இது விளம்பரமில்லை" என்று விட்டுவிட்டார்கள். அப்பாடா!

பாய்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் அங்கேயே சாப்பிட்டேன். உப்பு அப்படியேதான் இருக்கிறது. நான் சொன்னால் சான்றாகாது. யாராவது பத்திரிகையில் எழுதுங்களேன்.