கூரை மேல் டயர்கள்

“…எறக்கிடுறோம் மாத்தயா, ஆனா காத்தடிக்கிற அன்னிக்கு நீங்க வந்து எங்க கூரையில குந்திக்குவீங்களா?” என்று பாக்கியம் அத்தை கேட்டதும் லயமே கொல்லென்று சிரித்தது. டெங்கு பார்க்க வந்து, கூரை டயர்களை இறக்கச் சொன்ன சுகாதாரப் பரிசோதகரை, ‘ஐயா’வுக்கான சிங்களச் சொல்லைச் சேர்த்து நாங்கள் ‘கொசு மாத்தயா’ என்றுதான் சொல்வோம். அவரும் சிரித்தபடியே ஒரு தேங்காய்ச் சிரட்டையை வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக் கூரைக்கு ஏணி வைத்து ஏறினார்.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய லயம் எங்களுடையது. ஆடிக் காற்றுக்கு லயத்துத் தகரம் அப்பளம் மாதிரி எழும்பும் என்பதால், ‘காம்பரா’ என்கிற ஒவ்வொரு வீட்டின் மேலும் பழைய லொறி டயர்களைப் பாரமாக ஏற்றி வைத்திருப்போம். முந்தின வருடம் டயர் இல்லாத கடைசி வீட்டுத் தகரம் பறந்துபோய்த் தேயிலைக்குள் விழுந்ததையும், அந்த வீட்டார் கைக்குழந்தையோடு மழையில் நனைந்து நின்றதையும் யாரும் மறக்கவில்லை. கொசுவுக்கோ நாங்கள் பயந்ததே இல்லை. “கொசு கீழ்நாட்டுக்காரன், குளிருக்கு மேல ஏற மாட்டான்” என்பது பெரியவர்கள் வாக்கு. அத்தையின் மகள் வசந்தி, என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவள், டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், அதை வேறெங்கோ போய் வாங்கி வந்துவிட்டாள் என்றே நினைத்தோம். தண்ணீர்ப் பீப்பாவைத் தேய்த்துக் கழுவி, அதன் வாய்க்குச் சேலைத்துணி கட்டி, வெறும் மீன் டின்களைப் பொறுக்கிப் புதைத்தும் ஆயிற்றே, இன்னும் என்ன?

இறங்கி வந்த மாத்தயா சிரட்டையை அத்தையிடம் நீட்டினார். அத்தை வீட்டு டயரில் அள்ளிய தண்ணீர். அறுந்த நூல்துண்டுகள் போலக் கொசுப் புழுக்கள் அதில் நெளிந்தன.

“நம்ம தலைக்கு மேலயே வளத்திருக்கோமேடி!” என்றாள் யாரோ ஒருத்தி. இரண்டு நாளில் வசந்தியை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அவள் வந்து படுக்க வேண்டியது இந்தக் கூரைக்குக் கீழேதான். டயர் இருந்தால் காய்ச்சல், இறக்கினால் காற்று.

“டயருக்குப் பதிலா கல்ல வைப்போமா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“உருண்டா எந்தப் புள்ள மண்டையில விழும்னு சாத்திரம் பாக்கவா?” என்ற அத்தை, மாத்தயா பக்கம் திரும்பினார். “ஐயா, ஒங்களுக்கு ஆகாதது டயரா, தண்ணியா?”

“தண்ணிதான்” என்றார் அவர்.

எழுத்து அதிகம் அறியாத அந்த அம்மாளின் கேள்வியைப் போல ஒரு கேள்வியை நான் பிறகு எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. இன்று அந்த லயம் இல்லை, டயர்கள் இல்லை. வசந்தியின் சீமெந்து வீட்டில் அவள் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். சுட்ட ரப்பர் நாற்றம் எங்கே அடித்தாலும் எனக்கு மட்டும் அந்தப் பகல் வந்து நிற்கிறது.

அன்று அத்தை அடுப்புக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகினார். அது பழுத்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, தன் வீட்டு டயரைப் புரட்டித் தண்ணீரைக் கொட்டி, அதன் அடிப்பக்கத்தில் முதல் ஓட்டையைப் போட்டார்.