பதினைந்தாவது ஆள்

மார்லிஸ் ஓல்ட்மன் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க எங்கள் ஊர் பத்தொன்பது வருடம் முயன்று தோற்றது. அயோவா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். யார் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்பதுகூட எங்களுக்குத் தெரிந்துவிடும். இது மட்டும் தெரியவில்லை.

தினமும் காலை ஆறு பத்துக்கு, பன்றி விலைக்கும் வானிலைக்கும் நடுவே, உள்ளூர் வானொலியில் பத்து நிமிடம் நாட்டு நடப்பு பேசுவாள். ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சி தேர்ந்தெடுக்கும் வருடங்களில் அவளுக்குச் சாமி வந்துவிடும். யார் முந்துகிறார், யார் கதை முடிந்தது, யார் கையால் கடித்துச் சாப்பிட வேண்டிய பன்றி வறுவலை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டு மானம் போனார், எல்லாம் அவள் வாயில் வரும். சொந்த விருப்பம் மட்டும் வராது. நிலைய முதலாளி ரஸ் போட்ட ஒரே நிபந்தனை அது. எந்த வேட்பாளர் பக்கமாவது நின்றால் நிகழ்ச்சி போய்விடும். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் வண்டியைச் சூடாக்குவேன், பாதி நாள் அவளோடு சண்டை போட்டபடி.

அந்த வருடம் சண்டை கொஞ்சம் அதிகம். நான் ஆதரித்தவர் மாட்டு வைத்தியராக இருந்து கவர்னரானவர். கருத்துக்கணிப்பில் கிடைத்த ஆதரவை வைத்து அவரை மார்லிஸ் "ரெண்டு சதவீதம்" என்றுதான் சொல்வாள், பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். வந்த வழியே வீட்டுக்குப் போகலாம் என்று ஒருநாள் புத்தி வேறு சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டம் நடந்தது. எங்களுக்கு வாக்குச்சீட்டு கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடி, அவரவர் வேட்பாளருக்கு ஒதுக்கிய மூலையில் போய் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தார் முன்னால் தலையை எண்ணுவார்கள். வாசலில் கையெழுத்துப் போட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை கலைந்துவிடும்.

மார்லிஸ் எப்போதும் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, படிக்கட்டு இருக்கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். அந்த வருடம் பக்கக் கதவைப் பனி மூடிவிட்டது. முன்வாசல் வழியாக வந்தாள். மேசையில் டோரீன் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ கேக் விற்பனையோ, வாசலில் நோட்டு இருந்தால் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும். மார்லிஸும் பனி படிந்த கையுறையைக் கழற்றி, "ரோடு எப்படி?" என்று டோரீனைக் கேட்டபடியே போட்டுவிட்டாள்.

எங்கள் மூலையில் பதினான்கு பேர். மொத்தக் கையெழுத்து தொண்ணூற்று நான்கு என்று டோரீன் அறிவித்தாள். அதற்குப் பதினைந்து பேர் வேண்டும், ஒன்று குறைகிறது என்றாள். நான் விடவில்லை. அரங்கில் நிற்பவர்களை இரண்டு முறை எண்ணினேன். தொண்ணூற்று மூன்றுதான். தொண்ணூற்று மூன்று என்றால் எங்கள் பதினான்கே போதும். டோரீன் பட்டியலில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

தொண்ணூற்று நான்காவது கையெழுத்து மார்லிஸுடையது. இறங்கி வந்து, தன் பெயரை அடித்துவிடும்படி கேட்டாள்.

"போட்டது போட்டதுதான் மார்லிஸ். அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள இந்த மூலைக்கு யாராவது வந்தா உண்டு."

அப்போதுதான் அவள் எங்கள் மூலையை ஏறிட்டுப் பார்த்தாள். கடைசி வரிசையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கணவர் வெர்லின் நின்றிருந்தார். அவர் அதிகம் பேசுகிற மனிதரல்ல. தனியாகத் தன் டிரக்கில் வந்திருந்தார்.

"நீ எதுக்கு இங்க நிக்கிற?" என்று கேட்டாள்.

"ஜோலின் ரோட்டு ஓரத்துல, கார்லயே பெத்தாளே. பிரசவ வார்டை மூடுறதைப் பத்தி இவரு ஒருத்தர்தான் பேசினாரு." கொஞ்சம் நிறுத்தி, "நீ போய் உக்காரு. ரஸ் சும்மா விடமாட்டான்" என்றார்.

ஜோலின் அவர்கள் மகள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிய பிறகு, அறுபது மைல் போகிற வழியில் வலி முற்றிவிட்டது. அந்தக் குழந்தை தங்கவில்லை. மார்லிஸ் அதை வானொலியில் ஒருநாளும் சொன்னதில்லை. அது வீட்டு விஷயம், செய்தி இல்லை என்று நினைத்திருந்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். எங்களில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எனக்குக் கூப்பிட வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தை டோரீன் மேசையில் வைத்துவிட்டு வந்து வெர்லின் பக்கத்தில் நின்றாள். அவர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். டோரீன் மறுபடி எண்ணினாள். எங்கள் மூலை நின்றது.

மறுநாள் ஆறு பத்துக்கு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்து, மூலை, ஜோலின். கடைசியில், "இனிமே நான் சொல்றதை நடுநிலைன்னு நீங்க நம்பக் கூடாது. நானும் அப்படிச் சொல்லிக்க மாட்டேன்" என்றாள். ரஸ் குறுக்கே பேசாமல் முடிக்க விட்டார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பத்து நிமிடமும் பன்றி விலைக்கே போனது. பேருந்தில் வானொலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளோடு சண்டை போட முடியாதது எனக்கு அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை எங்கள் வேட்பாளர் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். நான் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை எடுத்துக்கொண்டு மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். வெர்லின் தொழுவத்தில் இருந்தார். ஆறுதல் சொல்லத்தான் போனேன், ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"மூணு நாள்ல ஓடிப்போற ஆளுக்காக உன் பத்தொம்பது வருஷத்தைத் தொலைச்சிட்டியே" என்றேன்.

மார்லிஸ் ஆப்பிள் பையைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அந்த ஆளுக்காகவா போனேன்? இந்த ஊர்ல யார் எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு தினமும் சொன்னவ நான். வீட்டுல இருக்கிற மனுஷன் எங்க நிக்கிறாருன்னு ஒருநாளும் கேக்கல."