ஆறு டீமுக்கு ஆடியவன்

பந்தாட்டக்காரனை வேலைக்கு வைக்கிறவர்கள் அவனுடைய இரண்டு கால்களைத்தான் வேலைக்கு வைக்கிறார்கள். மற்ற உடம்பும் கூடவே வந்துவிட்டதே என்ற வருத்தம் அவர்களுக்குக் கடைசிவரை உண்டு. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்திலும் அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக, தூத்துக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் ஆறு டீமுக்கு நான் பேக் ஆடினேன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். மாதா கோயில் டீம், உப்பள டீம், நிலக்கரி இறக்குகிறவர்கள் டீம், சோடா கம்பெனி டீம், ஏரல் டீம், கடைசியாக மில் டீம். சேர்க்கும்போது மாலை போட்டார்கள். அனுப்பும்போது சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

உங்களில் யாராவது அடுத்தவர்களுக்காக ஓடி, அவர்கள் ஜெயித்த பிறகு பந்தல் ஓரமாக நின்று தனியாகச் சாப்பிட்டிருந்தால் நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

காவல்காரன்

கோயில் டீமில் நான் ஆடியதைப் பார்த்த உப்பளத்து அண்ணாச்சி ஒருவர், அளத்தில் காவல் வேலை போட்டுக் கொடுத்தார். பெயருக்குத்தான் காவல், வேலை பந்துதான். சாயங்காலமானால் அளத்துக்குப் பின்னால் இருந்த கெட்டித் தரையில் பயிற்சி. எங்களுக்கெல்லாம் பூட்ஸ் ஏது, வெறுங்கால்தான். பாத வெடிப்பில் உப்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம், நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அந்த அசதியில் மறுநாள் பகல் காவலில் கண் அசந்துவிடும். ஒரு நாள் விழித்துப் பார்த்தால், வாரி வைத்த உப்பையெல்லாம் மிதித்துக்கொண்டு எட்டுக் கழுதைகள் சாவகாசமாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் குடையோடு அண்ணாச்சி. வேலையும் சட்டையும் அன்றைக்கே போயின. அண்ணாச்சி கோபக்காரர் இல்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்:

“ஏலே தொம்ம, பந்துல ஒரு பயல ஒன்னத் தாண்டிப் போவ விடமாட்டியாம். இங்கன எட்டுக் கழுத போயிருக்கு, ஒண்ணையாவது தடுத்தியாலே?”

கொழும்பு மருமகன்

ஏரல் டீமை நடத்தியவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. அந்த வருஷப் போட்டியில் வெளியூர் ஆட்களைச் சேர்க்கக் கூடாது, சொந்தக்காரர்கள் என்றால் பரவாயில்லை என்று விதி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி யோசித்தார். நான் கொழும்பிலிருந்து வந்த அவருடைய தங்கச்சி மகன் முத்துராஜ் ஆனேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். வாயைத் திறந்தால் கடற்கரைப் பேச்சு வந்துவிடும் என்று, சாயங்காலம் வரை பேசவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

வாயைத் திறக்கவே இல்லை, சத்தியமாக. ஆனால் விசில் ஊதியதும் கை தன்பாட்டுக்கு எழுந்து நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டுவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய கை, அதற்கு நான் முத்துராஜ் என்று யாரும் சொல்லவில்லை. ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தி அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சிக்கு முகம் மாறவே இல்லை.

“கொழும்புல வளந்த பயலுல்லா சார். அங்கன கொசு சாஸ்தி. நெத்தி, நெஞ்சுன்னு தட்டித் தட்டியே பழகிட்டான்.”

ஒன்பது டீம் துரை

மில்லில் என்னைச் சேர்த்தது பிரைஸ் துரை. இன்ஜின் ரூம் ஃபோர்மன், எங்கள் சென்டர் ஹாஃப், கேப்டன். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எண்ணெய் போடுகிற ஆட்களிடம் தமிழ் படித்தவர் என்பதால் மேனேஜரின் மனைவி தவிர மற்ற எல்லோரையும் ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவார். இங்கிலீஷ்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். “நான் வேல்ஸ்காரன்லே. அவங்க எங்களுக்கும் துரைதான்” என்பார். அது எந்தக் காலம் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க்காரர்களுக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

அவருடைய ஊரில் அப்பாவும் அண்ணனும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள். இவர் மட்டும் தப்பித்து, பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் சின்னச் சின்ன ஊர்களுக்கு ஆடியிருக்கிறார். எதிலும் ஒரு கோப்பை கிடையாது. பூட்ஸ் போட்டுத்தான் ஆடுவார். ஆனால் எங்கள் வெறுங்காலில் பட்டுவிடக் கூடாது என்று அடியில் இருந்த தோல் குமிழ்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டார். அதனால் தரை கொஞ்சம் ஈரமானாலும் வழுக்கி விழுந்து, பாதி ஆட்டம் மல்லாந்தே கிடப்பார். அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

எத்தனை டீமுக்கு ஆடினீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.

“ஒம்பது. எல்லாரும் கை குடுத்து மரியாதையாத்தான் அனுப்புனாங்க. ஏன் போறன்னு மட்டும் ஒருத்தனும் கேக்கலலே.”

கயிறு

எங்களுக்குக் கோல் காத்த கோலியின் பெயர் சிலுவை. சங்கு குளிக்கிறவன். ஆனி, ஆடிக் காற்றில் சங்குத் தோணி போகாது. அந்த மாதங்களில் மில் அவனைக் கேட்டில் நிறுத்திவைத்து, பந்து பிடிக்கச் சொல்லும். பந்து அவன் கைக்குள் போனால் போனதுதான்.

அவனுடைய தங்கச்சி பிலோமி. கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தால் அவள் அண்ணனைப் பார்க்கிற நேரம் போக மிச்ச நேரம் என்னைப் பார்ப்பாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் காலில் கல்லோடு அடியில் இறங்குவான். இடுப்புக் கயிற்றின் மறுநுனி தோணியில் இன்னொருவன் கையில் இருக்கும். கீழே மூச்சு முட்டும்போது அவன் கயிற்றை இழுப்பான். மேலே இருக்கிறவன் உடனே தூக்க வேண்டும். அந்த மேல் ஆள் மச்சான்தான். பெண்டாட்டியோடு பிறந்தவனைக் கடலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவள் முகத்தில் முழிக்க எவனுக்கும் தைரியம் வராது என்பதால் அப்படி. சிலுவையின் அக்கா புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். போன சீசனில் கூலிக்குக் கயிறு பிடித்தவன், பீடி பற்றவைக்கிற நேரத்தில் இழுப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறான். சிலுவை மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்தான்.

பிலோமியை எனக்குத் தருவாயா என்று நான் அவனிடமே கேட்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. பந்தைத் தரையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

“ஆறு டீமு மாறுனவன் நீ. ஒன் கையில கயித்தக் குடுத்துட்டு நான் எப்படிலே கடலுக்குள்ள போவேன்?”

இடது பக்கம்

பேக்கும் கோலியும் வாயால்தான் குடும்பம் நடத்த வேண்டும். “விடு” என்று பேக் கத்தினால் பந்து பேக்குக்கு. கோலி வரக் கூடாது. ஒரு நாள் பயிற்சியில் நான் கத்தியும் சிலுவை பாய்ந்து வந்தான். இன்னொரு நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவனுடைய இடது பக்கம் போய் நின்று, காதுக்குப் பக்கத்திலேயே அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவன் பாட்டுக்குக் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காது போன சீசனோடு போயிருக்கிறது. காது உடைந்தவன் கீழே போனால் தலை சுற்றி, மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போய்விடும். தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குத் தெரிந்தால் வருகிற சீசனில் அவனைச் சேர்க்க மாட்டார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது சங்கில்தான். அதற்குப் பிறகு நான் கத்துவதோடு அவன் கண்ணில் படுகிற மாதிரி ஓடிப்போய்க் கையையும் தூக்க ஆரம்பித்தேன். தொம்மைக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, ஜனங்களுக்குக் கை காட்டுகிறான் என்று டீமில் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் பிலோமி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“நீங்க ஏன் கையத் தூக்குதீங்கன்னு எனக்குத் தெரியும். இத்தன நாளா நான் ஒருத்தியாத்தான் மறைச்சிட்டு இருந்தேன்.”

கடைசி ஆட்டம்

மாதா கோயில் திருவிழாவில் பந்தாட்டக் கோப்பை. இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் வந்துவிட்டோம். ஜெயித்தால் எனக்கு நிரந்தர வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் இனி டீம் மாற வேண்டாம். டீம் மாறாதவனுக்குச் சிலுவை பெண் கொடுப்பான். நான் அன்றைக்குப் பந்தைத் துரத்தவில்லை, பிலோமியைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு ஒரு கோல். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது இடது பக்கமிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. நான் பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கையைத் தூக்கி அவன் முன்னால் போய் நிற்க நேரமில்லை. “விடு” என்று தொண்டை கிழியக் கத்தினேன். சிலுவை பாய்ந்து வந்தான். இரண்டு பேரும் முட்டி விழுந்தோம். பந்து எங்களைத் தாண்டி மெதுவாக உருண்டு உள்ளே போனது. நான் படுத்த வாக்கிலேயே அதைப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒரே கூச்சல். “கோலிக்குக் காது என்ன செவிடா?” என்று கூட்டத்திலிருந்து எவனோ கேட்டான். முன் வரிசை நாற்காலியில் சம்மாட்டி உட்கார்ந்திருந்தார். சிலுவையின் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் இறங்கி வந்து, யார் தப்பு என்று கேட்டார். நான் சொன்னேன், “நான் ‘விடு’ன்னு கூப்பிடலை, சார். கூப்பிட்டிருக்கணும்.” சொல்லும்போதே பிலோமி என் கையைவிட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தது. அழுகை வந்தது; வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன். கூப்பிடத் தெரியாத பேக் எதற்கு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் மேனேஜர்.

சட்டையை வாங்கிக்கொள்ள பிரைஸ் துரைதான் வந்தார். அந்தப் பந்து வந்தபோது எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றவர். சட்டையை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். பிறகு யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

“எனக்குக் காது ரெண்டும் நல்லாக் கேக்கும்லே.”

சட்டை இல்லாத ஆள்

மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். ஏழாவது டீம் எதுவும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தெரியாத பேக் என்று பெயர் ஆகியிருந்தது. காற்று திரும்பி, கரையில் சங்குத் தோணிகளைச் செப்பனிட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு காலையில் சிலுவை என் வீட்டுக்கு வந்தான். வலது காது என் பக்கம் இருக்கிற மாதிரி பார்த்து உட்கார்ந்தான்.

“நீ கூப்ட்டியாம்லா” என்றான். “பிலோமி சொல்லுதா. பொம்பளைங்க நின்ன பக்கம் வரைக்கும் ஒன் சத்தம் கேட்டுச்சாம்.”

அவன் இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

“காதுக்கு இத்தன நாளும் மருந்து போட்டேன். சீழ் ஊத்து நின்னுட்டு, ஆனா கேக்கல. சம்மாட்டிட்ட நேத்து நானே போய்ச் சொல்லிட்டேன்.”

அவனைக் காப்பாற்ற நான் வேலையை விட்டது, அவன் போய் உளறுவதற்கா? கோபத்தில் என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அவன் பாதிதான் கேட்டிருப்பான், சிரித்தான்.

“கயிறு யாரு பிடிக்கான்னு கேட்டாரு. ஒன் பேரச் சொன்னேன். அவரும் அன்னைக்கு ஆட்டத்துல முன்னாலதான இருந்தாரு, அவருக்கும் ஒன் சத்தம் கேட்டிருக்கு. அவன் பிடிச்சா ஆழம் கம்மியான எடத்துல எறங்கு, போன்னுட்டாரு.”

“நான் இன்னும் மச்சான் ஆகலையேலே” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டான்.

“சீசன் தொடங்க இன்னும் இருவது நாளு கெடக்கு. சாமியாரப் பாத்துட்டுத்தான் வாரேன், ஒங்க கல்யாணத்துக்கு மொத ஓலை வார ஞாயித்துக்கிழம கோயில்ல வாசிப்பாரு. சட்ட ஒண்ணு தச்சுக்க, மச்சான்.”

ஆறு டீமிலிருந்து அனுப்பப்பட்ட நான் ஏழாவதாகச் சேர்ந்தது ஒருத்தன் தண்ணீருக்கு அடியிலும் ஒருத்தன் தண்ணீருக்கு மேலுமாக ஆடுகிற இரண்டு பேர் டீமில். அதில் பதினாலு வருஷம் ஆடினேன், கைதட்ட ஒரு ஆள் கிடையாது, ஆனால் தினமும் மத்தியானம் கரையில் வந்து நின்று இரண்டு தலையையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போக ஒருத்தி இருந்தாள்.