கடைசிப் பந்தியில் ஒரு ஈய வில்லை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். நான் குழாய் ரிப்பேர் செய்கிறவன். கதை கட்டிப் பழக்கமில்லை. இது நடந்தது.

எங்கள் ஊர்ப் பிரஸ்பிடேரியன் சபையை உண்டாக்கியவர்கள் படு கறார். திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் வீடு வீடாகப் போய் விசாரிப்பார்கள். தகுதியானவர் என்று பட்டால் ஒரு ஈய வில்லை கொடுப்பார்கள். விருந்தன்று அதைத் தட்டில் போட்டால்தான் அப்பம். முடிந்ததும் அவரவர் வில்லை திரும்ப வந்துவிடும். செத்தால் வலது கையில் வைத்து, விரலை மடக்கிப் புதைப்போம். அங்கேயும் பந்தி இருக்கிறதல்லவா?

என் அக்காவுக்கு மட்டும் வில்லை கிடைக்கவில்லை. சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டாள். பெரிய மூப்பரான எங்கள் அப்பாவே மறுத்துவிட்டார். ஒவ்வொரு விருந்துக்கும் வந்து, கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

"ஒரே ஒரு தடவை உங்ககூட உக்காந்துட்டா போதும் தம்பி," என்பாள்.

போன வருடம் வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே அப்பாவும். யோசிக்கும்போதெல்லாம் வில்லையைக் கடிப்பது அவர் வழக்கம். பல் தடம் பதிந்த அந்த வில்லையை அவர் கையில் வைத்து மடக்கியவன் நான்தான்.

ஆளில்லாமல் சபையை மூட முடிவானது. கடைசி விருந்துக்கு மிஞ்சிய மூப்பர் நான் ஒருவன். அக்கா பெயருக்கு ஒரு வில்லை கொடுக்கலாமா என்று போதகரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"செத்தவங்களுக்குக் குடுக்கிறதில்லைங்க," என்றார்.

மாலை ஆறேகால். நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜெபத்துக்குக் கண்ணை மூடினோம். என் பக்கத்து இடம் காலி.

கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் குளிர் அடித்தது. ஈர மண் வாசனை...

சரக்... சரக்...

கதவோரத்திலிருந்து.

என் பக்கத்தில் பெஞ்சு முனகியது.

தட்டில்... டிக்.

கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை.

அப்பத்தில் ஒரு துண்டு குறைந்திருந்தது. தட்டில் ஒரு வில்லை கூடுதல். சில்லென்று. மண் ஒட்டி.

ஓரத்தில் பல் தடம்.

பயந்துகொண்டே அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். போன இடத்திலாவது அப்பா மனசு இளகி, தன்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டாரே! கல்லும் கரையும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் நிலம் விலைபோனது. கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்ற ஆள் வைத்தார்கள். குழிவெட்டுகிறவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்பாவின் பெட்டி. மூடியில் அடித்த ஆணி ஒன்றுகூட அசையவில்லை. உள்ளே வலது கை காலி.

"நீங்களே பாருங்க. அஞ்சு விரலும் பின்னால ஒடிஞ்சிருக்கு," என்றார்.

கொடுத்த கை அப்படி ஒடியாது.

சட்டைப் பையிலிருந்த வில்லையை மறுபடி அவர் கையில் வைத்தேன். விரலை மடக்கப் பார்த்தேன்.

மடங்கவில்லை.