வியாழக்கிழமைக் குடம்

ஆம்பூரில் பஸ் ஏறிய ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையும் கள்ளும் கலந்த வாடை அடித்தது. என் கை தானாகத் தண்ணீர்ச் செம்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

வெள்ளைக்காரன் காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, வியாழக்கிழமை என்றாலே பயம். அப்பா வேலை பார்த்த தோல் கிடங்கில் அன்றுதான் கூலி. அப்பா கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு, வீட்டுப் பாத்திரத்தையும் கள்ளுக்கடைக்குத் தூக்கிப் போவார். தடுத்தால் அம்மாவுக்கு அடி. அதனால் பித்தளைக் குடத்தை அம்மா மத்தியானமே பக்கத்து வீட்டு பீபியிடம் ஒளித்து வைப்பாள். அப்பா உபதேசியாரிடம் சுவிசேஷம் கேட்டு, குடியை விட்டு, ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. "இந்த மனுசனாவது மாறுறதாவது" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை பொழுது சாய்ந்தும் அப்பாவைக் காணோம். கடைசியில் தெருமுனையில் தள்ளாடி வந்தார். அவருக்கு முன்னால் கள் வாடை வந்தது. அம்மா என்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அவர் தோளில் பழைய குடிக் கூட்டாளி குப்பன் நினைவில்லாமல் தொங்கினான். அவனை வாசலில் கிடத்தினார்.

"நான் குடிக்கலம்மே. இவன் பள்ளத்துல கெடந்தான், மூஞ்சி கழுவணும். பீபி வூட்லேருந்து குடத்த எடுத்துக்கினு வா."

குடத்தை எடுக்க அம்மா பீபி வீட்டுக்குப் போனாள். அது அங்கே இருப்பது எத்தனை வாரமாகத் தெரியுமோ அவருக்கு! ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த வியாழக்கிழமை குடம் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

பஸ்ஸில் அந்த ஆள் இருமினான். செம்பை அவனிடம் நீட்டினேன்.